செங்கோட்டை மண்டியின் பேரேடுகளும் நூலகத் தேடலும்

செங்கோட்டையில் எங்கள் தாத்தா கமிஷன் மண்டி நடத்தினார். கணவாய் தாண்டி மேற்கே போகும் அரிசி, பருப்பு, வற்றல், கருப்பட்டி. அங்கிருந்து கிழக்கே வரும் பாக்கு, கொப்பரை, மிளகு, சுக்கு. இரண்டு பக்கமும் கைமாற்றிவிட்டுத் தரகு எடுப்பதுதான் தொழில். மண்டி மூடிப் பல காலம் ஆகிறது. மிஞ்சியவை ஒரு பெட்டி நிறைய நாள்வழிகளும் (அன்றாட வரவு செலவு எழுதும் ஏடு) பேரேடுகளும் (ஆள்வாரியாகவும் சரக்குவாரியாகவும் தொகுத்த கணக்கு). மலையாள நாட்டுக் கொல்லம் ஆண்டு 1097-ல் (ஆங்கிலத்தில் 1921-22) தொடங்கி 1131 (1955-56) வரை, நடுவே சில ஆண்டுகள் விட்டுப்போய் இருக்கின்றன.

இவற்றை வைத்து, செங்கோட்டைக்கு மேற்கே உள்ள ஆரியங்காவுக் கணவாய் வழியே நடந்த வணிகத்தின் கதையை முறையாக எழுத வேண்டும் என்பது என் ஆசை. ஒரு கடையின் கணக்கு தனியாக எதையும் சொல்லாது. பக்கத்தில் அரசாங்கக் கணக்கையும் விசாரணை அறிக்கையையும் வைத்துப் படித்தால்தான் அது பேசும். எதை எங்கே தேடினேன், எது கைகொடுத்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். போடி, கம்பம், பொள்ளாச்சி, களியக்காவிளை என்று எல்லையோரம் முழுக்க இப்படிப் பெட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பழைய பேப்பர் கடைக்குப் போவதற்குள் அவர்களில் சிலராவது இதைப் படிக்க வேண்டும்.

முதலில் ஏடுகளைச் சரிசெய்தேன். ராமபாணப் பூச்சி நிறைய அரித்திருந்தது. காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் பக்கம் பக்கமாகத் தூசி தட்டி, நிழலில் காற்றாட வைத்து, பழைய வேட்டித் துணியில் வசம்பு முடிந்து பெட்டிக்குள் போட்டேன். கிழிந்த தாளில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. சில வருடங்களில் பசை பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். லேமினேஷனும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் போட்டோ எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஏட்டின் ஆண்டும் பக்க எண்ணும் சேர்த்துப் பெயர் கொடுத்தேன். அப்புறம் நூலகத்தில் உட்கார்ந்து ஒப்பிடும்போது இந்தப் பெயர்கள்தான் காப்பாற்றின.

அடுத்த வேலை எண்கள். 1930-கள் வரை கணக்கு முழுவதும் தமிழ் எண்களில் இருக்கிறது. ௰, ௱, ௲ மூன்றும் பழகிவிட்டால் முழு எண்கள் எளிது. பின்னங்கள்தான் கஷ்டம். எங்கள் தெருவில் பழைய கணக்குப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். கண் மங்கினாலும் மனக்கணக்கு மங்கவில்லை. “தம்பி, வீசத்தையும் வீசையையும் போட்டுக் குழப்பிராத. ஒண்ணு பின்னம், ஒண்ணு எடை” என்று சொல்லி, வரி வரியாகப் படித்துக் காட்டினார். வீசம் பதினாறில் ஒன்று. வீசை நாற்பது பலம். எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு கண்டி. சென்னை மாகாணக் கணக்கில் மணங்கு 25 பவுண்டு, கண்டி 500 பவுண்டு. ரயில்வே மணங்கு வேறு, 82 பவுண்டுக்குச் சற்று மேல். ஆகவே அரசு அறிக்கையில் ‘மணங்கு’ என்று பார்த்ததும் இது யாருடைய மணங்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நெல்லுக்குக் கோட்டையும் மரக்காலும். 21 மரக்கால் ஒரு கோட்டை என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு, ஆனால் மரக்காலே ஊருக்கு ஊர் மாறும். அதனால் அளவுகளை இன்றைய கிலோவுக்கு மாற்றாமல், ஏட்டில் உள்ளபடியே ஒரு பத்தியில் எழுதி, மாற்றிய கணக்கைத் தனிப் பத்தியில் வைத்தேன்.

பணமும் அப்படித்தான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம். ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தென்காசி வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்த சென்னை மாகாணம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரம் 8 காசு. வித்தியாசம் அரைச் சக்கரம்தான். ஆனால் தென்காசி வியாபாரிக்கு 100 பிரிட்டிஷ் ரூபாய் கொடுக்க வேண்டுமென்றால் 101 திருவிதாங்கூர் ரூபாயும் 22 சக்கரமும் எண்ணி வைக்க வேண்டும். பேரேட்டில் மாதாமாதம் ‘வட்டம்’ என்று ஒரு சிறு செலவு வருகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் அது வட்டியோ தரகோ அல்ல, இரண்டு நாணயங்களுக்கு நடுவே உட்கார்ந்து வியாபாரம் செய்ததற்கான செலவு என்று தெரிந்தது. எல்லைக்கோட்டின் விலை சக்கரத்திலும் காசிலும் எழுதியிருக்கிறது.

ஆண்டு மாற்றுவதற்கு ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். ஆவணி முதல் மார்கழி பாதி வரை கொல்லம் ஆண்டோடு 824, அதற்குப் பிறகு ஆடி முடிய 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. 1099 ஆடி என்றால் 1924 ஜூலை, ஆகஸ்ட். அந்த மாதத்து நாள்வழியில் பல நாட்கள் மேற்கிலிருந்து சரக்கு வரவே இல்லை. மலையாளத்தில் இன்றும் ‘தொண்ணூற்று ஒன்பதின் வெள்ளம்’ என்று சொல்லும் பெருவெள்ளம் அதுதான். மூணாற்றின் மலை ரயிலையே அழித்த வெள்ளம். எங்கள் ஏட்டில் அது வெற்றுக் கோடுகளாக இருக்கிறது.

சரி, இனி நூலகம். ‘செங்கோட்டை வணிக வரலாறு’ என்று எந்த அட்டவணையில் தேடினாலும் ஒன்றும் வராது. பழைய ஆவணங்கள் ஊர் பெயரில் அடுக்கப்படவில்லை, அவற்றை உண்டாக்கிய துறையின் பெயரில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். இந்தச் சரக்கை அன்று எண்ண வேண்டிய அவசியம் யாருக்கு இருந்தது? வரி எடுத்தவன் எண்ணியிருப்பான். கூலி வாங்கிய ரயில்காரன் எண்ணியிருப்பான். கடன் கொடுத்தவன் எண்ணியிருப்பான். வழக்கு நடந்திருந்தால் நீதிமன்றம் எண்ணியிருக்கும். இந்த நான்கு பேரின் தாள்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று பார்த்தாலே பாதித் தேடல் முடிந்துவிடுகிறது.

வரி எடுத்தவரிடமிருந்து தொடங்கினேன். திருவிதாங்கூர் அரசு ஆண்டுதோறும் நிர்வாக அறிக்கை அச்சிட்டது. நிதியாண்டே கொல்லம் ஆண்டுதான் என்பதால் பேரேட்டோடு நேராகப் பொருந்தும். இது பெரிய வசதி. சுங்கம், புகையிலை, உப்பு, ரயில் என்று தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரியிலும் கேரள ஆவணக் காப்பகத்திலும் தேடலாம். பல ஆண்டுகளின் அறிக்கைகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் கிடைக்கின்றன. இணையத்தில் தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட வேண்டும். செங்கோட்டையை ஷென்கொட்டா என்றும் ஷென்கோட்டை என்றும் எழுதியிருப்பார்கள். ஆரியங்காவுக்கு ஒவ்வொரு அதிகாரிக்கும் ஒவ்வொரு கூட்டல்.

அறிக்கைகளைப் படிக்கும் முன் இரண்டு பெரிய நூல்களைப் புரட்டுவது நல்லது. நாகமையா 1906-ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட திருவிதாங்கூர் மானுவல் ஒன்று. வேலுப்பிள்ளை 1940-ல் நான்கு தொகுதிகளாகக் கொண்டுவந்தது இன்னொன்று. எப்போது எந்த வரி மாறியது என்பதை இவை சொல்லும். தென்காசிப் பக்கத்துக்கு ஹெச். ஆர். பேட் 1917-ல் எழுதிய திருநெல்வேலி கெஜட்டியர் இருக்கிறது. இவை பின்னணிக்குத்தான். எண்களை மூல அறிக்கையிலிருந்தே எடுங்கள்.

இங்கேதான் ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்ததிலேயே பெரியது அதுதான். எங்கள் பேரேட்டில் பாதிக்கு மேல் மேற்கே போன அரிசியும் பருப்பும் வற்றலும். அறிக்கைகளிலோ பாக்கும் கொப்பரையும் மிளகும் விரிவாக இருக்கின்றன, கிழக்கிலிருந்து வந்த சரக்கு மிகக் குறைவாகத் தெரிகிறது. அவ்வளவு வண்டி போனதே, எங்கே காணோம்?

காரணம் 1865-ல் இருக்கிறது. அதற்குச் சற்று முன்புதான், மாதவ ராவ் திவானாக (முதன்மை அமைச்சராக) இருந்தபோது, அரசாங்கத்தின் மிளகு ஏகபோகம் 1860-லும் புகையிலை ஏகபோகம் 1863-லும் நீக்கப்பட்டிருந்தன. 1865-ல் பிரிட்டிஷ் அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் வணிக உடன்பாடு செய்துகொண்டன. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வரும் சரக்குக்குத் திருவிதாங்கூர் வாங்கிய இறக்குமதித் தீர்வை, புகையிலை போன்ற சில இனங்கள் தவிர, பெரும்பாலும் நீங்கியது. திருவிதாங்கூரின் சொந்த விளைபொருள்கள் சிலவற்றுக்கு ஏற்றுமதித் தீர்வை தொடர்ந்தது. ஆகவே கிழக்கே வந்த கொப்பரையை ஆரியங்காவுச் சவுக்கையில் (சுங்கச் சாவடியில்) நிறுத்தி எண்ணினார்கள். மேற்கே போன அரிசியை நிறுத்தி எண்ண வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அறிக்கையை மட்டும் படிப்பவர் இந்தக் கணவாயில் வணிகம் ஒருவழிப் பாதை என்றே எழுதிவிடுவார். கிழக்குச் சீமை தானியம் மேற்கே போன கதை கடைக்காரர்களின் ஏடுகளில்தான் இருக்கிறது. இந்தப் பெட்டிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். வரி இல்லாத சரக்குக்கு அரசாங்கத்தில் வரலாறு குறைவு.

தானியத்தின் சுவட்டுக்கு அடுத்து ரயில்காரர். திருநெல்வேலியிலிருந்து வந்த மீட்டர் கேஜ் பாதை செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லத்தோடு இணைந்தது 1904-ல். கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு 1918-ல் நீண்டது. ரயில் வருமானம் பற்றி நிர்வாக அறிக்கைகளில் ஒரு பகுதி உண்டு. சென்னை மாகாணத்தின் ரயில்வழி வாணிகக் கணக்கு நூல்களும் இருக்கின்றன, ஆனால் அவை ஸ்டேஷன்வாரியாக இல்லை, பெரும் வட்டாரங்களாகத்தான் தொகுத்திருக்கின்றன. போக்கு தெரியும், ஊர் தெரியாது. எங்கள் நாள்வழியில் ‘வண்டிக்கூலி’யும் ‘ரயில்கூலி’யும் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பதால், எந்தச் சரக்கு மாட்டுவண்டியிலேயே தொடர்ந்தது என்பதை ஏட்டிலிருந்தே பிரிக்க முடிகிறது. ரயில் வந்ததும் மாட்டுவண்டி செத்தது என்று பொதுவாகச் சொல்வதை எங்கள் ஏடு ஒப்புக்கொள்ளவில்லை. 1920-களிலும் வண்டிக்கூலி தொடர்ந்து வருகிறது.

கடன் கொடுத்தவரின் தாள்களுக்கு ஓர் அருமையான களஞ்சியம் உண்டு. 1929-30-ல் சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு உட்கார்ந்தது. அறிக்கையை மட்டும் எடுத்து வந்துவிடாதீர்கள். சாட்சியத் தொகுதிகளைக் கேட்டு வாங்குங்கள். வியாபாரிகளும் லேவாதேவிக்காரர்களும் கேள்விகளுக்குத் தந்த பதில்கள் அதில் இருக்கின்றன. உண்டியல் (வியாபாரிகள் பணத்துக்குப் பதில் அனுப்பும் கடன் சீட்டு) எப்படி நடந்தது, மண்டிக்காரர் எப்படி முன்பணம் கொடுத்துச் சரக்கைப் பிடித்தார், வட்டி எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதையெல்லாம் தொழிலில் இருந்தவர்களே சொல்கிறார்கள். பேரேட்டில் ஒற்றை வரியாக இருக்கும் விஷயம் அங்கே பக்கக்கணக்கில் விளங்குகிறது. திருவிதாங்கூரும் தனியே ஒரு வங்கி விசாரணைக் குழு அமைத்தது. 1931-ல் பொருளாதார மந்தம் பற்றியும் ஓர் அறிக்கை வந்தது. எங்கள் ஏட்டில் கொப்பரை விலை சரிந்த பக்கங்களை அதோடு சேர்த்துப் படித்தேன். தாத்தாவுக்கு நேர்ந்தது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பது அப்போது புரிந்தது. வீட்டில் அந்த ஆண்டுகளை அவருடைய கெட்ட நேரம் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள்.

1113 ஆனியில் இன்னொரு திருப்பம். அதுவரை கொல்லத்துக்குப் போகும் பணம் பேங்கு வழியே போயிருக்கிறது. அந்த மாதத்திலிருந்து ‘ஆள்வசம் ரொக்கம்’ என்று மாறுகிறது. 1938 ஜூனில்தான் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் பணம் கொடுப்பதை நிறுத்தியது. இரண்டு வங்கிகள் முந்தைய ஆண்டில் இணைந்து உருவான வங்கி அது. கலைப்பு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதனால் இதற்கு நான்காமவரிடம், அதாவது நீதிமன்றத்திடம் போக வேண்டும். சட்ட அறிக்கைத் தொகுதிகளை வக்கீல்களுக்கு மட்டுமானவை என்று ஒதுக்காதீர்கள். 1891 முதல் வரும் மெட்ராஸ் லா ஜர்னல் போன்ற தொகுதிகளில் வியாபாரத் தகராறுகளின் உண்மை நிலவரம் தீர்ப்பின் முதல் பத்திகளிலேயே இருக்கும். யார் யாருக்கு என்ன சரக்கு அனுப்பினார், எப்படிப் பணம் வாங்கினார் என்பதை நீதிபதி சுருக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் சட்டத்துக்குப் போவார்.

நான்கு பேருக்கும் வெளியே ஐந்தாவதாக ஒன்றைத் திருவனந்தபுரத்தில் ஒரு நூலகர் காட்டினார். “சாரே, பிரஜா சபை நடவடிக்கை பார்த்தோ?” என்று கேட்டுவிட்டு அவரே எடுத்து வந்தார். 1904-ல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபையில் தாலுகாதோறும் பிரதிநிதிகள் வந்து திவான் முன் குறைகளைச் சொல்வார்கள். அதை அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். கேரள சட்டமன்ற நூலகம் இந்த நடவடிக்கைகளை டிஜிட்டல் வடிவிலும் தருகிறது. அறிக்கை எண்களைச் சொல்லும், இந்தத் தொகுதிகள் குரலைக் கொடுக்கும். எந்த ஊர் வியாபாரிகள் எதற்காக வாய் திறந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் தாலுகா பெயர்களைத் தேடிக்கொண்டு வரிசையாகப் புரட்ட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் ஒரு பக்கமும் வீணில்லை.

சென்னையில் கன்னிமாரா நூலகத்தின் பழைய தொகுப்பும் எழும்பூர் ஆவணக் காப்பகமும் முக்கியம். காப்பகத்துக்கு அடையாளச் சான்றோடு, ஆய்வு நோக்கம் பற்றி ஒரு கடிதமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் யாரையாவது தெரிந்தால் அறிமுகக் கடிதம் வாங்கிப் போவது நல்லது. அங்கே துறை, ஆண்டு, அரசாணை எண் என்ற வரிசைதான். முதலில் அந்தந்த ஆண்டின் அட்டவணைத் தொகுதியைக் கேட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்புறம் கோரிக்கைச் சீட்டு எழுதுங்கள். பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள். விளம்பரம், விலைப்பட்டியல், நோட்டீஸ் போன்ற துண்டுத் தாள்களும் தமிழ் அச்சு நூல்களும் வேண்டுமென்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்தவற்றை வைத்து 1994-ல் உருவானது அது. ஒரு தனி மனிதர் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் எத்தனை பேருக்கு வரலாறு கிடைத்திருக்கிறது என்பதை அங்கே உட்கார்ந்து படிக்கும்போது உணரலாம்.

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் உள்ள காப்பகத்தில் ஓலைச் சுருணைகள், அதாவது ஓலையில் எழுதிய பழைய அரசுக் கணக்குக் கட்டுகள், இருக்கின்றன. அவற்றில் மலையாளத்தின் பழைய எழுத்து வடிவங்களும் வரும், வட்டெழுத்தும் வரும். நான் அச்சு ஆவணங்களோடு நின்றுகொண்டேன். புகையிலை ஏகபோகக் காலத்துக்குப் போக விரும்புகிறவர்கள் எழுத்துப் பயிற்சியோடு அங்கே போக வேண்டும்.

இதுவரை ஏட்டையும் நூல்களையும் பக்கத்தில் வைத்து 1097 முதல் 1113 வரை மாதவாரிப் பட்டியல் முடித்திருக்கிறேன். ஒரு வரிசையில் ஏட்டில் உள்ளது, அடுத்ததில் அறிக்கையில் உள்ளது, மூன்றாவதில் எந்த நூலகத்தில் எந்தப் பக்கத்தில் பார்த்தேன் என்ற குறிப்பு. மூன்றாவது வரிசையைச் சோம்பேறித்தனமாக விட்டால் மறுபடி பயணம் போக வேண்டி வரும்.

இப்போது கையில் இருப்பது 1117-க்குப் பிறகான ஏடுகள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. அந்த அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் கடும் பஞ்சம். போர்க்காலக் கட்டுப்பாட்டில் அரிசி அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. எங்கள் பேரேட்டில் அரிசிப் பக்கங்கள் மெலிந்துகொண்டே வந்து, கருப்பட்டியும் வற்றலும் மட்டும் நிற்கின்றன. பல தலைமுறையாக யாரும் எண்ணாத கிழக்கத்திய அரிசியை இப்போது இரண்டு அரசாங்கங்களும் மூட்டை மூட்டையாக எண்ணத் தொடங்கியிருக்கும். பெர்மிட், ரேஷன், மாகாண எல்லை தாண்டும் அனுமதி என்று கோப்புகள் இரு தலைநகரங்களிலும் இருக்க வேண்டும். எழும்பூரில் 1942 முதல் 1946 வரையான அட்டவணைத் தொகுதிகளில் உணவு, வருவாய் இரண்டு தலைப்புகளையும் பார்த்து எண்கள் குறிப்பது அடுத்த வேலை. தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி மண்டிக் குடும்பங்களிடம் அந்த ஆண்டுகளின் நாள்வழி ஏதாவது இருந்தால் நான் வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறேன். ஏடு அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.